ஏழு பேரும் கெட்டிக்காரர்கள், அணி மட்டும் தோற்கிறது: கபடி அணிக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

எதிரணிக் களத்துக்குள் போய் ஆளைத் தொட்டு வரும் ரைடர்கள், மாவட்ட அணிக்கு ஆடியவர்கள், இரண்டு பேர். களத்தின் ஓரத்தில் நின்று, கணுக்காலைப் பிடித்தால் விடாத கார்னர். கார்னருக்கு உள்பக்கமாக நின்று, தோளால் ஒரு மோது மோதி ஆளைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிடும் கவர். பெயர்ப் பட்டியலைப் பார்க்கிற எவரும் இந்த அணிதான் இறுதி ஆட்டத்துக்கு வரும் என்பார்கள். ஆனால் இரண்டாவது சுற்றிலேயே, மாவட்ட அளவில்கூட ஆடாத பையன்கள் நிறைந்த ஓர் அணியிடம் தோற்றுத் திரும்புவார்கள்.

பதினான்கு வருடமாக ஒரு கிராமத்து அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அதற்கு முன் வலது கார்னரில் ஆடினேன். தோற்றுவிட்டு வேனில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் ஊர் திரும்பிய இரவுகள் நிறைய உண்டு. அப்போதெல்லாம் பெரியவர்கள் "ஒத்துமை இல்லப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு மறுநாள் மைதானத்தில் என்ன பயிற்சி கொடுப்பது என்று எனக்குத் தெரிந்ததில்லை. பல வருடம் கழித்துத்தான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். பக்கத்தில் நிற்பவன் அடுத்த நொடி என்ன செய்வான் என்பது இவனுக்குத் தெரியுமா? தெரியாத இடத்தில் அணி உடைகிறது. அந்த இடம் எது என்று தேடலாம், கண்டுபிடிக்கலாம், மைதானத்திலேயே சரிசெய்யலாம்.

பெரிய மேடையிலும் இது நடந்திருக்கிறது. 2019இல் புரோ கபடியின் ஏழாவது சீசனில் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் மூவரும் தமிழ் தலைவாஸ் அணியில் ஒன்றாக ஆடினார்கள். மூவரும் இந்தியாவுக்கு ஆடிப் பெயரெடுத்தவர்கள். அந்த சீசனில் பன்னிரண்டு அணிகளில் தலைவாஸ் பன்னிரண்டாவதாக முடித்தது. ஆகவே உங்கள் அணி தடுமாறும்போது பையன்களுக்குத் திறமை போதவில்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

உங்கள் அணியில் தெரிகிற அறிகுறிக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

தொடங்கும் முன்: இழந்த புள்ளிகளைப் பிரித்துப் பாருங்கள்

கடைசியாகத் தோற்ற இரண்டு ஆட்டங்களின் வீடியோ வேண்டும். கைப்பேசியில் எடுத்தது போதும். ஆனால் ரைடரை மட்டும் பெரிதாக்கி எடுத்த வீடியோ உதவாது. நம் பக்கத்து எண்ட் லைனுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் நின்று எடுத்தால் ஏழு பேரும் படத்துக்குள் வருவார்கள். எங்கள் ஊரில் ஒரு பையன் டிராக்டர் டிரெய்லர் மேல் ஏறி நின்று எடுப்பான், அதுவே போதுமானதாக இருக்கிறது.

எதிரணிக்குப் போன ஒவ்வொரு புள்ளியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் ஓர் எழுத்து. ஒருவர் தனியாகச் செய்த தவறு என்றால் 'த'. இரண்டு பேருக்கு நடுவில் விழுந்த தவறு என்றால் 'ந'. எதிராளி அருமையாக ஆடி எடுத்தது என்றால் 'எ'.

'த' நிறைய வந்தால் உங்களுக்கு வேண்டியது அடிப்படைப் பயிற்சி: கால் வலு, மூச்சு, பிடி. 'எ' நிறைய வந்தால் எதிரணி நல்ல அணி, அதை மனதார ஒப்புக்கொண்டு உழைக்க வேண்டியதுதான். 'ந' பாதிக்கு மேல் இருந்தால் மேலே படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முதல் தடவை எழுதும்போது பல 'ந'க்களை நாம் 'த' என்றே எழுதிவிடுவோம். கார்னர் பிடித்த கால் நழுவிவிட்டது, ரைடர் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டார் என்றால் உடனே கார்னர் பெயரைத்தான் எழுதத் தோன்றும். வீடியோவை மூன்று விநாடி பின்னால் தள்ளிப் பாருங்கள். அந்த நேரம் கவர் எங்கே நின்றார்? எனக்கு இந்தப் பழக்கம் வந்த பிறகு, என் பழைய நோட்டுகளில் நான் பையன்கள் தலையில் போட்ட தவறுகளில் எத்தனை அவர்களுடையதே இல்லை என்று பார்த்து மிகவும் வருந்தினேன்.

அறிகுறி: கார்னர் பிடிக்கிறார், ரைடர் இழுத்துக்கொண்டு தப்பிவிடுகிறார்

நான் பார்த்த அணிகளில் அதிகம் தென்பட்டது இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நம் பாதிக் களத்தின் ஆழம் 6.5 மீட்டர். ரைடர் தாண்டிக் கால் வைத்தால் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோடு நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டரில் இருக்கிறது. கார்னர் கணுக்காலைப் பிடித்ததும் ரைடர் நின்றுவிட மாட்டார். அவருக்கு இன்னும் ஒரு காலும் இரண்டு கைகளும் இருக்கின்றன. நடுக்கோட்டுப் பக்கம் விழுந்து கையை நீட்டினாலே ஏறக்குறைய இரண்டு மீட்டர் போய்விடும். மிச்ச தூரத்தை இரண்டு இழுப்பில் தாண்டிவிடுவார். எவ்வளவு பலமான கார்னராக இருந்தாலும் பின்னாலிருந்து ஒற்றை ஆளாகத் தடுப்பது கடினம். முன்னால் யாராவது வந்து மூட வேண்டும். அது கவரின் வேலை.

சோதனை: கார்னரின் கை ரைடரின் கணுக்காலில் படுகிற அந்த நொடியில் வீடியோவை நிறுத்துங்கள். கவரின் பாதங்களைப் பாருங்கள். இரண்டும் தரையில் ஊன்றி இருந்தால் கவர் காத்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஏன் காத்திருக்கிறார்? இதைச் சோம்பல் என்று நினைத்துப் பல பயிற்சியாளர்கள் திட்டுகிறார்கள். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் நல்ல கவர் ஒரு கணக்குப் போடுகிறார். கார்னர் பிடி நிற்கவில்லை என்றால், நாம் போய்க் கை வைத்தால் நாமும் சேர்ந்து அவுட். பிடி நின்ற பிறகு போனால் ஆபத்தில்லை. அவர் அளவில் அந்தக் கணக்கு சரிதான். அவர் பெயரில் தோல்விப் பிடி குறைவாக இருக்கும், பார்ப்பவர்கள் தெளிவான ஆட்டக்காரர் என்பார்கள். கார்னரும் தன் அளவில் சரியாகத்தான் ஆடுகிறார். இரண்டு சரிகளுக்கு நடுவில் ரைடர் வீட்டுக்குப் போய்விடுகிறார்.

ஆகவே கவரை மாற்றுவதற்கு முன்னால் கணக்கை மாற்ற வேண்டும். எங்கள் அணியில் இரண்டு விதி வைத்தோம். கார்னர் கிளம்பினால் கவர் கேட்காமல் கிளம்ப வேண்டும். அந்தப் பிடி தோற்றால், அவுட் ஆனது இருவராக இருந்தாலும், நோட்டில் கார்னர் பெயரில் மட்டும்தான் எழுதுவோம். அதே போல, கையை அழுத்திச் சைகை தராமல் கார்னர் கிளம்பக் கூடாது. அப்படிக் கிளம்பினால் கவர் வராதது தவறே ஆகாது. ஆபத்தை யார் சுமப்பது என்று முன்கூட்டியே தெரிந்த பிறகு கவர்களின் கால் தானாக நகர ஆரம்பித்தது.

கைச்சைகை கவர் வரை போக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். கார்னர் கைகோத்து நிற்பது தனக்கும் கவருக்கும் நடுவில் இருக்கும் 'இன்' ஆட்டக்காரரோடு. அழுத்தம் அவர் கை வழியாகப் போகிறது. பல அணிகளில் சங்கிலி அறுபடுவது அந்த இன் ஆட்டக்காரரிடம்தான், அவரை யாரும் கவனிப்பதில்லை.

பயிற்சி இப்படி. முதலில் ரைடரே வேண்டாம். கார்னர், இன், கவர் மூவரும் கைகோத்து நேராகப் பார்த்து நிற்கட்டும், கார்னர் அழுத்தியதும் மூவரும் ஓர் அடி வைக்கட்டும். மூவரின் அடியும் ஒரே சத்தமாகக் கேட்கும் வரை இதையே செய்யுங்கள். அடுத்து ரைடர் மெதுவாக நடந்து வரட்டும். அதற்கு அடுத்து முழு வேகம், ஆனால் கார்னர் தொட மட்டும் செய்யலாம், பிடிக்கக் கூடாது. இங்கேதான் உண்மை தெரியும்: கார்னரின் கை படும்போது கவர் முன்னால் வந்து சேர்ந்திருக்கிறாரா? அப்புறம்தான் முழுப் பிடி. தினமும் இருபது தடவை, இரண்டு வாரம். கவரை மாற்றி மாற்றி நிறுத்துங்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க மறுபடி அதே நொடியில் வீடியோவை நிறுத்துங்கள். கவரின் முன்கால் தரையை விட்டு எழுந்திருக்க வேண்டும்.

1990இல் பெய்ஜிங்கில் கபடி ஆசிய விளையாட்டில் சேர்ந்ததிலிருந்து 2014 வரை ஏழு முறையும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்குத்தான். 2018இல் ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரான் 27-18 என்று நம்மை வென்றது. நம் ரைடர்களின் பெயர்கள் உங்களுக்கே தெரியும். அந்த ஆட்டம் கிடைத்தால் ரைடர்களை விட்டுவிட்டு ஈரான் கேட்சர்களை, அதாவது பிடிக்கிறவர்களை, மட்டும் பையன்களோடு உட்கார்ந்து பாருங்கள். ஒருவர் கை வைத்ததும் மற்றவர்கள் வந்து மூடுவதைப் பாருங்கள்.

அறிகுறி: ஒரே ரைடில் இரண்டு மூன்று பேர் அவுட் ஆகிறார்கள்

மேலே சொன்னதற்கு நேர்மாறான நோய். ஒருவரும் காத்திருப்பதில்லை, எல்லாரும் தாவுகிறார்கள். பார்க்க வேகமாகத் தெரிவதால் ஊரில் கைதட்டல்கூடக் கிடைக்கும்.

இதற்கு இரண்டு காரணம் உண்டு, வைத்தியம் வேறு வேறு. எது என்று கண்டுபிடிக்க, சிமெண்ட் தரையில் சாக்பீஸால் பாதிக் களத்தை வரைந்து ஒரு கல்லை ரைடராக வையுங்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "ரைடர் இங்கே நின்றால் யார் முதலில் போக வேண்டும்?" என்று கேளுங்கள். கல்லை ஐந்து இடங்களுக்கு நகர்த்துங்கள். பதில்கள் மாறி மாறி வந்தால் எல்லை தெரியவில்லை, அவ்வளவுதான். எல்லாரையும் உட்கார வைத்து அந்தந்த இடத்துக்கு ஒரு பெயரை எழுதிவிட்டால் ஒரு வாரத்தில் தீரும்.

எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு மைதானத்தில் அப்படிச் செய்யவில்லை என்றால், பிரச்சினை பெயர். பிடி யார் கணக்கில் விழுகிறது என்பது. போட்டிகளில் சிறந்த ரைடர், சிறந்த கேட்சர் என்று தனிப் பரிசு கொடுக்கிறார்கள். மூன்று பேர் சேர்ந்து மடக்கினாலும் புள்ளி ஒருவர் பெயரில்தான் ஏறுகிறது.

இங்கே தயவுசெய்து பையனைச் சுயநலக்காரன் என்று சொல்லிவிடாதீர்கள். நம் ஊர்களில் கபடி ஆடுகிற பையன்களில் பலருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸிலோ ரயில்வேயிலோ ஒரு வேலை கிடைத்துவிடாதா என்ற நினைப்பு இருக்கிறது. அப்பா கூலி வேலைக்குப் போகிறார், தங்கை படிக்கிறாள். தேர்வாளர் கண்ணில் பட வேண்டும் என்று அவன் துடிப்பதில் எந்தத் தவறும் இல்லை. துணைக்குப் போனவனையும் அந்தக் கண்ணில் பட வைக்க நாம் வழி செய்யாததுதான் தவறு.

நான் நோட்டில் 'துணை' என்று ஒரு பத்தி சேர்த்தேன். யார் பிடித்தார் என்பதற்குப் பக்கத்தில், யார் வந்து மூடினார். மாத முடிவில் இரண்டையும் சத்தமாகப் படிப்பேன். மாவட்டத் தேர்வுக்கு ஆள் கேட்டு வந்தபோது, பிடியில் நான்காவதாக இருந்த ஒரு பையனைத் துணைப் பத்தியைக் காட்டித்தான் சொன்னேன். அவன் தேர்வானது மற்றவர்களுக்குத் தெரிந்த பிறகு, துணைக்கு ஓடுவது எங்கள் அணியில் பெருமையான வேலை ஆகிவிட்டது. தனிப் பரிசாக வரும் பணத்தைப் பொதுவில் போடுவதா என்பதை அவர்களையே பேசி முடிவெடுக்கச் சொன்னேன். பாதியைப் போடுவதாக அவர்களே முடிவு செய்தார்கள். நான் சொல்லியிருந்தால் முணுமுணுப்பு இருந்திருக்கும்.

அறிகுறி: முக்கிய ரைடர் வெளியே உட்கார்ந்ததும் ஆட்டமே நின்றுவிடுகிறது

அவுட் ஆனவர்கள் வெளியேறிய வரிசையிலேதான் திரும்ப வர முடியும், அதுவும் நாம் எதிரணி ஆளை அவுட் ஆக்கினால்தான். ஆக, உங்கள் பெரிய ரைடர் எவ்வளவு நேரம் வெளியே உட்காருகிறார் என்பது மற்ற ஆறு பேர் கையில் இருக்கிறது. இதைப் பையன்களிடம் இந்த மாதிரி எடுத்துச் சொல்லிப் பாருங்கள், பலர் யோசித்திருக்கவே மாட்டார்கள்.

சோதனை சுலபம். ஒரு கடிகாரம். அவர் ஒரு ஆட்டத்தில் மொத்தம் எத்தனை நிமிடம் வெளியே இருந்தார், அந்த நேரத்தில் நாம் எத்தனை புள்ளி எடுத்தோம்.

பொதுவாக நடப்பது இது. அவர் வரும் வரை ஆபத்தில்லாமல் ஓட்டலாம் என்று இரண்டாவது ரைடர் நடுக்கோட்டுப் பக்கம் ஆடிவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். அடுத்த முறை மூன்றாவது ரைடரும் அப்படியே. தொடர்ந்து இரண்டு ரைடு புள்ளியில்லாமல் போனால் மூன்றாவது டூ ஆர் டை. புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரைடர் அவுட். பாதுகாப்பாக ஆடுகிறேன் என்று நினைத்தவர்கள், அணியிலேயே அனுபவம் குறைந்த பையனைக் கட்டாயத்துக்குள் தள்ளிவிடுகிறார்கள். அவன் போய்த் தோற்றதும் எல்லாரும் அவனையே பார்க்கிறார்கள்.

இரண்டாவது, மூன்றாவது ரைடர்களுக்கு முதல்வரின் வேலையைச் சின்ன அளவில் கொடுக்காதீர்கள். வேறு வேலை கொடுங்கள். எதிரணியில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போதுதான் போனஸ் உண்டு. அந்த நேரத்துக்கு, கால் நீளமான பையன் ஒருவனை போனஸுக்கென்றே பழக்கலாம். டூ ஆர் டை ரைடுக்கென்று ஒருவர், பயப்படாத ஆள், முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும். கேட்சர்களுக்கும் இங்கே பங்கு உண்டு. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. ஆள் குறைந்த நேரத்துக்கென்று தனியாகப் பயிற்சி செய்த மூவர் இருந்தால், அந்த நேரம் பயமாக இருக்காது.

வாரம் ஒரு நாள் பெரிய ரைடரை வெளியே வைத்து ஆட வையுங்கள். அதற்கு முன் அவரிடம் தனியாகப் பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓரங்கட்டுகிறார்கள் என்று நினைத்துவிடுவார். எங்கள் அணியில் நான் இப்படித்தான் கேட்டேன்:

"தம்பி, பத்து நிமிஷம் நீ இல்லாம ஆடிப் பார்க்கணும்."

"ஏண்ணே, நான் ஏதும் தப்பு பண்ணிட்டனா?"

"இல்லப்பா. நீ வெளிய உட்கார்ந்து, அவங்க கார்னர் எந்தக் கால்ல எடை போடறான், கவர் எப்ப முன்னாடி வர்றான்னு பார்த்து, அடுத்து ரைடு போறவன்கிட்ட சொல்லணும். உன் கண்ணுக்குத் தெரியறது எனக்குக்கூடத் தெரியாது."

அன்றிலிருந்து அவன் அவுட் ஆகி வந்தால் தண்ணீர் பாட்டிலைத் தேடுவதற்கு முன் அடுத்த ரைடரைத் தேடுவான்.

2022இல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்த ரைடர் பவன் செஹ்ராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டுப் போனார். பாதி வழியில் அஷான் குமார் பயிற்சியாளராக வந்தார். நரேந்தர், அஜிங்க்யா பவார் என்று ஆளுக்கு ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு ஆடிய அந்த அணிதான், தலைவாஸ் வரலாற்றில் முதல் முறையாக அரையிறுதி வரை போனது.

அறிகுறி: கடைசி ஐந்து நிமிடத்தில் ஆளுக்கு ஒரு சத்தம்

இதை நீட்ட வேண்டியதில்லை. ஒரு ரைடுக்கு 30 விநாடி. அதற்குள் நான்கு பேர் நான்கு கட்டளை போட்டால் யாரும் எதையும் கேட்க முடியாது. களத்துக்குள் ஒரு குரல், வெளியிலிருந்து ஒரு குரல், அவ்வளவுதான்.

யார் குரல் என்பதில்தான் சங்கடம். வயதில் மூத்தவர் ஒருவர் இருப்பார், தெளிவாகப் பார்க்கத் தெரிந்தவன் இருபது வயதுப் பையனாக இருப்பான். பையன் அண்ணனைப் பார்த்து "பின்னாடி வா" என்று சொல்லத் தயங்குவான். எங்கள் அணியில் இது வந்தபோது மூத்தவரே எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: "களத்துல இறங்கிட்டா அவன் சொல்றதுதான். வெளிய வந்தா நான் அண்ணன்." அந்த வார்த்தையை நான் சொல்லியிருந்தால் பாதி பலம்கூட இருந்திருக்காது. ஆகவே மூத்தவரிடம் முதலில் போங்கள்.

சொற்களைச் சுருக்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு மூன்றே சொல்: 'பொறு', 'மூடு', 'விடு'. வேற்று மொழி பேசும் ஆட்டக்காரர் இருந்தால் அவருக்கும் இந்த மூன்றும் முதல் நாளே தெரிந்துவிட வேண்டும்.

அறிகுறி: வெளியூரிலிருந்து அழைத்து வந்த ஆட்டக்காரர் ஒட்டவில்லை

பெரிய போட்டி என்றால் வெளியூரிலிருந்து இரண்டு பேரைக் காசு கொடுத்து அழைத்து வருவது எல்லா ஊரிலும் உள்ளது. போட்டி அன்று மதியம் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள், சாயங்காலம் ஆடுவார்கள். கார்னரில் நிற்கிறவர் தன் கவரின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன கைச்சைகை, மூன்று சொல், எல்லாம் அங்கே பறந்துவிடும். இரண்டு நாள் முன்னால் வரவழைக்கப் பணம் இல்லை என்றால், ரைடராக மட்டும் அழைத்து வாருங்கள். ரைடர் பெரும்பாலும் தனியாகப் போய்த் தனியாக வருகிறவர், சமாளித்துக்கொள்ளலாம். சங்கிலியின் நடுவில் ஒருநாள் ஆட்டக்காரரை நிறுத்தாதீர்கள்.

பணத்தை மறைக்காதீர்கள். அவருக்கு இவ்வளவு, போகவர இவ்வளவு என்று உள்ளூர்ப் பையன்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வேனில் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டால் அன்றைய ஆட்டம் போச்சு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், மனம் கனத்துத்தான் சொல்கிறேன். உள்ளூர்ப் பையன்களுக்குள்ளேயே சிலர் ஒட்டாமல் நிற்கிறார்கள் என்றால் எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்பதைப் பாருங்கள். மைதானத்தில் கைகோத்து நிற்பவர்கள், ஆட்டம் முடிந்ததும் ஒரே குடத்தில் தண்ணீர் குடிக்கிறார்களா? சாப்பாட்டுக்கு யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காருகிறார்கள், யார் வெளியில் நிற்கிறார்கள்? வெளியில் நிற்க வைக்கப்பட்டவன், மறுநாள் தன்னை நிற்க வைத்தவனுக்காக முழங்காலைப் பணயம் வைத்து ஏன் பாய வேண்டும்? இதற்கு மைதானத்தில் பயிற்சி கிடையாது. எங்கள் அணியில், எல்லாரையும் உட்கார வைக்காத வீட்டில் அணி சாப்பிடாது என்று முடிவெடுத்தோம். முதல் வருடம் ஊருக்குள் கோபம் வந்தது, பந்தல் போட வந்த உதவி நின்றது. பயிற்சியாளர் அந்தக் கோபத்தைத் தன் மேல் வாங்கிக்கொள்ள வேண்டும், பையன்கள் மேல் விழ விடக் கூடாது.

அறிகுறி: தோற்ற பிறகு யாரும் வாய் திறப்பதில்லை, அல்லது எல்லாரும் ஒருவனையே குற்றம் சொல்கிறார்கள்

இரண்டும் ஒரே நோய்தான். அன்று இரவே பேச வேண்டாம். மறுநாள் சாயங்காலம், பயிற்சிக்கு முன், வீடியோவோடு உட்காருங்கள். மூன்று 'ந' புள்ளிகளை மட்டும் போட்டுக் காட்டுங்கள். யாரும் அடுத்தவர் தவறைச் சொல்லக் கூடாது. ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்றவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "நான் என்ன பண்ணியிருந்தா நீ பிடிச்சிருப்பே?"

முதல் இரண்டு வாரம் கூச்சமாக இருக்கும். "ஒண்ணுமில்ல, பரவால்ல" என்பார்கள். விடாதீர்கள். முதலில் நீங்கள் கேளுங்கள். எங்கள் இடது கார்னரிடம் நான் அப்படிக் கேட்டபோது, "அண்ணே, நீங்க வெளியிலேர்ந்து கத்தும்போது எனக்கு அழுத்தம் கேக்க மாட்டேங்குது" என்றான். கைச்சைகையை உணர முடியாத அளவுக்கு என் சத்தம் அவன் கவனத்தைப் பிடுங்கியிருக்கிறது. எத்தனை புள்ளிகளுக்கு நான் காரணமாக இருந்தேனோ. அன்றைக்குப் பிறகு ரைடு நடக்கும்போது நான் பேசுவதில்லை, இரண்டு ரைடுகளுக்கு நடுவில் மட்டும்தான்.

அறிகுறி: எல்லாம் செய்தாயிற்று, இன்னும் சேரவில்லை

ஒரே வேலைக்கு இரண்டு கெட்டிக்காரர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். வலது கார்னரில் மட்டுமே ஆடத் தெரிந்த இருவர், ஒரே பக்கம் திரும்பும் இரண்டு ரைடர்கள். எவ்வளவு பேசினாலும் அந்த இடத்தில் ஒருவர்தான் நிற்க முடியும். பாதி ஆட்டம் உனக்கு, பாதி அவனுக்கு என்று பிரித்தால் சங்கிலியின் மற்ற ஆறு பேரும் குழம்புகிறார்கள். ஒருவரை இடம் மாற்றிப் பழக்குங்கள், அதற்கு ஒரு சீசன் முழுக்கப் பிடிக்கும் என்று அவருக்கும் ஊருக்கும் சொல்லிவிடுங்கள். அவருக்கு விருப்பமில்லை என்றால், அவர் இடம் காலியாக இருக்கிற இன்னொரு நல்ல அணியில் நீங்களே பேசிச் சேர்த்துவிடுங்கள். நான் அப்படி அனுப்பிய ஒருவன் இன்று எங்களுக்கு எதிராக ஆடும்போது நன்றாகவே ஆடுகிறான். பார்க்க சந்தோஷமாக இருக்கிறது.

அப்புறம், ஒரு முறை சரியான அணி அப்படியே இருக்கும் என்று எண்ணி விட்டுவிட வேண்டாம். ஒருவன் வேலைக்குப் போவான், ஒருவனுக்கு முழங்கால் போகும், புதிதாக ஒரு பையன் வருவான். புதியவன் வந்த அன்றைக்கு மற்ற ஆறு பேருக்கும் எல்லாம் தெரியும் என்றாலும், ரைடர் இல்லாத அந்த முதல் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள். கைகோத்து நிற்கட்டும். கார்னர் அழுத்தட்டும். ஏழு பேரின் அடியும் ஒரே சத்தமாகக் கேட்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.